பதினொன்று இருபத்துமூன்று வரை

கீழே ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள், ஆராய்ச்சி பண்ணுகிறவர் மாதிரித் தெரியவில்லை, ஆனால் உங்கள் பெயரைத்தான் சொல்கிறார் என்று வாட்ச்மேன் போனில் சொன்னபோது மணி பதினொன்று. "உட்காரச் சொல்லுங்க, வரேன்" என்று புஷ்பலீலா ரிசீவரை வைத்தாள். வைத்த பிறகும் கை அதன்மேலேயே கிடந்தது. யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. மூன்று வாரமாக அந்த மனிதரை நினைத்துத்தான் பயந்துகொண்டிருக்கிறாள். நிலநடுக்கப் பதிவுகளைச் சேர்த்துவைத்து, கேட்கிற ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பிவைக்கும் அந்தக் காப்பகத்தில் அவளுக்கு இருபது வருட சர்வீஸ். வருகிற விண்ணப்பமெல்லாம் ஒரே வார்ப்பில்தான் இருக்கும்: ஏதாவது ஒரு பல்கலைக்கழகம், இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டு வரை, இத்தனை நிலையங்கள், அணைக்கட்டுப் பாதுகாப்பு, பாலத்தின் வலிமை, முனைவர் பட்டம். இந்த ஒன்று மட்டும் ஏதோ இ-சேவை மையத்தில் உட்கார்ந்து யாரையோ விட்டுத் தட்டச்சு செய்தது. பெயர் மாதப்பன். நிறுவனம் என்ற கட்டத்தில் நாகமரத்துக்கொட்டாய். நோக்கம் என்ற கட்டத்தில் 'தெரிந்துகொள்ள'. எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை என்ற இடத்தில் பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு தேதியும், 11.41 முதல் 11.42 வரை என்றும் இருந்தது. ஒரே ஒரு நிமிடம். வருடக்கணக்கில் கேட்பவர்களுக்கு மத்தியில் ஒரு நிமிடம் கேட்ட முதல் ஆள் இவர்தான் என்று அப்போது அவளுக்குச் சிரிப்புகூட வந்தது, சிரித்துவிட்டுத்தான் கீழே இருந்ததைப் படித்தாள், அந்தச் சிரிப்பு இப்போதும் வாய்க்குள் எங்கேயோ கசப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'அன்று பதினொன்று பதினெட்டுக்கு நிலம் அதிர்ந்தது. எல்லாரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். என் மனைவி சாலம்மா அடுப்பை அணைக்க உள்ளே போனபோது இரண்டாவது தடவை அதிர்ந்து சுவர் விழுந்து இறந்துபோனார். இரண்டாவது தடவை அதிரவில்லை என்று என் மகன் முனிரத்தினம் சொல்கிறான். உங்களிடம் மெஷின் பதிவு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதிர்ந்ததா இல்லையா என்று சொல்லவும். முனிரத்தினம் 108க்குப் போன் போட்டது 11.43.'

நேரத்தை மாற்றிப் பார்க்க வேண்டும். காப்பகத்தின் கடிகாரம் கிரீன்விச் கடிகாரம், நம்முடையதிலிருந்து ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுவது. அதனால் நாகமரத்துக்கொட்டாயில் பதினொன்று பதினெட்டு என்றால் இங்கே ஐந்து நாற்பத்தெட்டு, அந்த அம்மாள் செத்துப்போன பதினொன்று நாற்பத்தொன்று இங்கே ஆறு பதினொன்று. மூன்று வாரத்தில் எத்தனை தடவை இதைக் கழித்துப் பார்த்திருப்பாள், எங்கேயாவது தவறியிருக்கக் கூடாதா என்று. தவறவில்லை. இப்போதும் கோப்பைத் திறந்தாள். அந்த ஊருக்குப் பதினாலு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்துப் பழைய பயணியர் விடுதியின் பின்கட்டில் வைத்திருந்த கருவியின் பதிவு. முதல் ஒரு நிமிடம் மயிரிழை மாதிரி நேர்க்கோடு. அப்புறம் அது திடுக்கிட்டு எழுந்து மேலும் கீழுமாகக் கிறுக்கி, பதினோரு நொடி ஆடி, சோர்ந்து, நடுங்கி நடுங்கி, மறுபடி நேர்க்கோடாகிறது. அந்த நேர்க்கோடு நாலரை நிமிடம் போகிறது. பதினொன்று இருபத்துமூன்றோடு முடிந்துபோகிறது. அதற்கப்புறம் கோடு இல்லை, நேர்க்கோடுகூட இல்லை, வெறும் வெள்ளைத் திரை. கருவி நிற்கவில்லை, மின்சாரம் போகவில்லை, எலி ஒயரைக் கடிக்கவில்லை. கருவி தன்பாட்டுக்கு அன்றைக்கு முழுவதும், மறுநாளும், அதற்கு மறுநாளும் பதிவு செய்துகொண்டுதான் இருந்தது. பதினொன்று நாற்பத்தொன்றையும் அது எழுதித்தான் வைத்திருந்தது. அதை அழித்தவள் இவள். தன் கையால், இந்த நாற்காலியில் இல்லை, ஜன்னலோரம் இருந்த பழைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பல்வலியோடு.

பல்வலி என்றால் அப்படியொரு பல்வலி. இடப்பக்கம் கீழ்க்கடைவாய்ப் பல். நாக்கு இப்போதும் அந்தப் பள்ளத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. பல் இல்லை, ஈறு வழவழப்பாக மூடிக்கொண்டுவிட்டது, பதினைந்து வருடம் ஆகிறதே. அன்றைக்குக் கிராம்பை அதக்கிக்கொண்டு வேலை பார்த்தாள், வாயெல்லாம் காரமும் மரப்பும், நாலரை மணிக்கு டாக்டர் வரச்சொல்லியிருந்தார். புது டிஸ்க் வாங்குகிற டெண்டர் எங்கேயோ ஒரு மேஜையில் கிடந்தது, இருக்கிற டிஸ்க் நிரம்பி வழிந்தது, அப்போதைய தலைவர் வரதராஜுலு சார் கதவருகே நின்றுகொண்டே சொன்னார்: "நிலநடுக்கம் வந்த நாளுக்கு, முன்னால ஒரு நிமிஷம், பின்னால அஞ்சு நிமிஷம் வெச்சுக்கோங்கம்மா. மிச்சத்தை எடுத்துடுங்க. எடுக்கறதுக்கு முன்னால முழு நாளையும் ஒரு தடவை பாத்துடுங்க, வேற ஏதாவது இருந்தா அதையும் வெட்டி வெச்சுடலாம்." நல்ல மனிதர், ஓய்வு பெற்ற மறுவருடமே போய்ச் சேர்ந்துவிட்டார், பாத்துடுங்க என்றுதான் சொன்னார், அவர்மேல் குற்றமில்லை. பழைய நோட்டை மூன்று வாரத்துக்கு முன்னால் பீரோவிலிருந்து எடுத்து வைத்திருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நாற்பது நாட்களின் தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல் தேதிக்கு எதிரே அவள் கையெழுத்தில் 'முழு நாளும் பார்த்தாயிற்று, வேறு இல்லை'. அதற்குக் கீழே முப்பத்தொன்பது வரிகளுக்கும் மேற்படி, மேற்படி, மேற்படி. பக்கத்தின் அடியில் அவளுடைய சுருக்கொப்பம். நாகமரத்துக்கொட்டாயின் நாள் இருபத்தாறாவது வரி. இரண்டு மணிக்கு உட்கார்ந்து நாலு மணிக்கு எழுந்தாள். நாற்பது நாள், இரண்டு மணி நேரம். ஒரு நாளைப் படித்துப் பார்க்க ஒழுங்காகச் செய்தால் ஏழெட்டு நிமிடமாவது வேண்டும். பார்த்தாளா? முதல் பத்துப் பன்னிரண்டு நாட்களைப் பார்த்த நினைவு இருக்கிறது. அதற்கப்புறம் கிராம்பின் காரம்தான் நினைவிருக்கிறது, ஏசியின் சொட்டுத் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது, மேற்படி என்று எழுதும்போது ற்-க்குப் புள்ளி வைக்காமலே போய்விட்டதும் நினைவிருக்கிறது, ஏனென்றால் அது நோட்டிலும் அப்படியேதான் இருக்கிறது. எழுதினால் பார்த்ததாகத்தான் அர்த்தம், யாரும் கேட்கப்போவதில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பத்து வயதில் நாசரேத்திலிருந்து மணப்பாடு கடற்கரைக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு போனபோது, திரும்ப ஏறும் நேரம் டீச்சர் அவளிடம் "எல்லாரும் ஏறியாச்சா, எண்ணிட்டியாடி?" என்று கேட்டதும் "எண்ணிட்டேன் டீச்சர்" என்று சொன்னதும் இதோடு வந்து சேர்ந்துகொண்டன. எண்ணவில்லை. ஜன்னலோர சீட்டு போய்விடுமே என்றிருந்தது. அவளுடைய சொந்தத் தம்பியே ஒரு வள்ளத்தின் நிழலில் தூங்கிப்போய் அங்கேயே கிடந்தான். உடன்குடி தாண்டித்தான் தெரிந்தது. திரும்பிப் போனால் வாயில் மணலோடு அதே இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாகூட அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

ஆனால் பார்க்கவில்லை என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை, அதுதான் சனியன். இந்த மூன்று வாரத்தில் ஒரு சித்திரம் வர ஆரம்பித்திருக்கிறது. பழைய பருமனான மானிட்டர், பச்சைக் கோடுகள், ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரியாக இருபத்துநாலு வரி, நடுவில் ஒரு வரியில் பெரிய கிறுக்கல், அதற்கு அடுத்த வரியில், இடப்பக்க ஆரம்பத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சின்ன முடிச்சு. அரிசி மணியளவு. அது ஆறு பதினொன்றில்தான் இருந்தது. அப்படித்தான் தெரிகிறது. முதலில் மங்கலாக வந்தது, பிறகு பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் தெளிவாக, நேற்று காய்கறி நறுக்கிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு துல்லியமாக வந்தது, கத்தியை வைத்துவிட்டு நின்றுவிட்டாள். துல்லியமாக வருவதுதான் பயம். பதினைந்து வருடம் எங்கே இருந்தது அது? மூன்று வாரமாக வேண்டி வேண்டி அவளே செய்துகொண்ட முடிச்சா? அப்படியே பார்த்திருந்தாலும் அந்த நாளில்தானா, அடுத்த நாளிலா. அந்தப் பக்கம் முழுக்கக் கல் குவாரி, முற்பகலில் பாறைக்கு வெடி வைப்பார்கள், கருவியில் அரிசி மணி மாதிரி ஒரு முடிச்சு விழும், வாரத்துக்கு நாலு பார்க்கலாம். முடிச்சு இருந்தது என்றால் அது வெடியாகவும் இருக்கலாம். இல்லை என்றால், இவள் பார்க்காமல் விட்டதாகவும் இருக்கலாம். இரண்டு பக்கமும் போய் முட்டிக்கொண்டு திரும்பி வருகிறது மனசு, சந்துக்குள் நுழைந்த மாடு மாதிரி. அலுவலக முறைப்படி ஒரு பதில் இருக்கிறது, அதை முதல் வாரமே அடித்து வைத்துவிட்டாள், அனுப்பத்தான் இல்லை: 'தாங்கள் குறிப்பிட்ட தேதியில் எமது பட்டியலின்படி ஒரே ஒரு நிலநடுக்கம் மட்டுமே பதிவாகியுள்ளது.' பொய்யில்லை. பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது. பட்டியலில் ஏன் ஒன்று இருக்கிறதென்றால் நோட்டில் மேற்படி என்று இருப்பதால். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்தப் பகுதியில் பின்னதிர்வுகளே வருவதில்லை என்று ஒருவர் கட்டுரை எழுதி, நன்றி சொல்லும் இடத்தில் காப்பகத்தின் பெயரையும் போட்டிருக்கிறார். இவளுடைய பல்வலி அச்சேறி எங்கெங்கோ போயிருக்கிறது. இந்த ஒற்றை வரிப் பதில் கிருஷ்ணகிரிக்குப் போனால் என்ன ஆகும்? மகன் சொன்னது சரி. நிலம் இரண்டாவது தடவை அதிரவில்லை. சுவர் முதல் அதிர்விலேயே விரிசல் விட்டு நின்றிருக்கிறது, விரிசல் விட்ட சுவரின் அடியில் அந்த அம்மாள் போயிருக்கிறாள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் அனுப்பு என்ற பொத்தானுக்கு மேல் எத்தனை தடவை விரலை வைத்து எடுத்தாள். சரி, அதிர்ந்தது என்று எழுதிவிட்டால் என்ன? ஒரு வயசான மனிதருக்கு ஒரு வரி. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? சரிபார்க்க ஒன்றுமே இல்லையே. ஒருமுறை பார்க்காமல் இல்லை என்று எழுதினாள், இப்போது பார்க்காமல் உண்டு என்று எழுத வேண்டுமாக்கும். மணி பதினொன்று இருபத்தைந்து. அந்த மனிதர் கீழே உட்கார்ந்திருக்கிறார். எழுந்தாள்.

படியிறங்கும்போது முழங்கால் பிடித்தது, கேண்டீனிலிருந்து சாம்பார் தாளிக்கிற வாசனை வந்தது, என்ன சொல்வது என்பதற்கு ஒரு வாக்கியம் கிடைப்பதற்குள் படிகள் முடிந்துவிட்டன. வரவேற்பறையில் சோபா காலியாக இருந்தது. அவர் அதற்குப் பக்கத்தில் இருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அறுபத்தைந்து இருக்கும். வெள்ளைச் சட்டை, மடிப்பு கலையாத வேட்டி, மடியில் ஒரு ஜவுளிக்கடைப் பை. அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "மாதப்பன் ஐயாவா? நான் புஷ்பலீலா. நீங்க அனுப்பினது எனக்குத்தான் வந்தது. பதில் போடாம விட்டது என் தப்பு" என்றாள். "அதெல்லாம் இல்லீங்கம்மா. போஸ்ட்ல வருமோ போன்ல வருமோன்னு பாத்தேன். கம்ப்யூட்டர் சென்டர் புள்ளதான், நேர்ல போய்க் கேளுங்க பெரியப்பா, இந்த அம்மா பேரு போட்டிருக்குதுன்னு எழுதிக் குடுத்துச்சு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக் காட்டினார், தான் சொல்வதை அவள் நம்பாமல் போய்விடுவாளோ என்பதுபோல. எப்போது கிளம்பினீர்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். விடியக்காலை பஸ், வழியில் டீ குடித்தாயிற்று என்றார். மேலே கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைத் தொட்டுத் தொட்டு வந்தார், பின்னால் அந்தச் செருப்புச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடக்கையில் அவளுக்கு இவரைத் திரும்பிப் பார்க்காமல் நேராக மொட்டைமாடி வரைக்கும் ஏறிப் போய்விட வேண்டும் போலிருந்தது. தன் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு, அறையைச் சுற்றிப் பார்த்து, "மெஷின் எங்கீங்கம்மா?" என்றார். "மெஷின் உங்க ஊர்ப் பக்கத்துலதான் இருந்தது. அது எழுதினது மட்டும் இங்க வரும்." "அந்த பங்களாவுல வெச்சிருந்தாங்களே, அதுவா? நான் அந்தக் காம்பவுண்டுக்குக் கல்லு அடிச்சிருக்கேன்" என்றார் மாதப்பன், யாரோ தெரிந்தவரைப் பற்றிச் சொல்வதுபோல.

சொல்ல ஆரம்பித்தாள். முன்னாலேயே தீர்மானித்துக்கொண்டு சொல்லவில்லை. வாய் திறந்தபோது அடித்துவைத்த ஒற்றை வரிதான் வரும் என்று நினைத்தாள், வேறு வந்தது. பதினொன்று பதினெட்டு இருக்கிறது ஐயா, இருபத்துமூன்று வரைக்கும் இருக்கிறது, அதற்கப்புறம் இல்லை. ஏன் இல்லையென்றால் அதை அழித்துவிட்டோம், இடம் பற்றாமல் இருந்தது. அழித்தோம் என்ன, நான்தான் அழித்தேன். அழிப்பதற்கு முன்னால் முழுவதையும் பார்த்துவிட்டு வேறு ஒன்றும் இல்லை என்றால்தான் அழிக்க வேண்டும். பார்த்தேன் என்று எழுதி வைத்திருக்கிறேன், ஆனால் பார்த்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை. நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்து இருபத்தாறாவது வரியை விரலால் காட்டினாள். மாதப்பனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும் போலிருக்கிறது, "மே... மேற்... படி" என்று உதடு அசைந்தது. தலை நிமிராமலே கேட்டார்: "அப்படீன்னா?" "மேல சொன்னதேதான்னு அர்த்தம்." "மேல என்னா சொல்லியிருக்குது?" "வேறு இல்லைன்னு." அவர் விரலை எடுத்துக்கொண்டார். "அப்ப ரெண்டாவது வாட்டி அதிரலீங்களா?" "அதிரலைன்னு சொல்ல மாட்டேன். அதிர்ந்துச்சுன்னும் சொல்ல மாட்டேன். பெரிசா ஒண்ணு வந்தா அதுக்குப் பின்னாடி சின்னச் சின்னதா வர்றது வழக்கம்தான், ஆனா அன்னிக்கு அந்த நேரத்துல வந்துச்சான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. சொல்லக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான் இருந்தது. அதை நான் அழிச்சுட்டேன்." அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது, மணப்பாடு போய்வந்த அன்று அம்மா அடித்திருக்கலாம் என்று இருந்தது போல. அவர் டம்ளரில் மீதியிருந்த தண்ணீரைக் குடித்தார். டம்ளரை நோட்டின்மேல் படாமல் தள்ளி வைத்தார்.

நல்ல கட்டிடம், நல்ல காத்தோட்டம் என்றார் முதலில். அப்புறம் பையின் காதை முறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு சொல்லணும். அந்தக் கம்ப்யூட்டர்ல எழுதினது சரியில்லீங்க. அவளா போவல. நான்தான் போவச் சொன்னேன்." புஷ்பலீலா நோட்டை மூடினாள். "எல்லாரும் புளியமரத்தடியில நின்னுட்டிருந்தோம். அடுப்புல களி கெடக்குது, தீஞ்சு போவுதேன்னு அவ சொல்லிக்கினே இருந்தா. பயந்துக்கினு போவல. முனிரத்தினம் சொன்னான், அப்பா, செவுத்துல வெடிப்பு உட்டிருக்குதுப்பான்னு. பதினேழு வயசு அவனுக்கு. நான் சொன்னேன், அடேய், அதான் அடங்கிட்டுதே, போடி போய் அடுப்ப அணச்சிட்டு வான்னு. போனா. ஒரு பத்து எண்றதுக்குள்ள தொபீர்னு..." அவர் கை தானாக எழுந்து இறங்கியது. "அதுக்கப்புறம் எல்லாருகிட்டயும் ரெண்டாவது வாட்டி அதிந்துச்சுன்னு சொன்னேன். போலீஸ்காரருகிட்ட, கணக்குப்புள்ளகிட்ட, அவ தம்பிங்ககிட்ட. என் கால்ல தெரிஞ்சுது, உள்ளங்கால்ல. இப்பவும் தெரியுது. முனிரத்தினம் மட்டும், அதிரலன்னான். பொணம் எடுக்குறப்ப சொன்னான், காரியத்தன்னிக்கு சொன்னான், அப்புறம் ஓசூருக்குப் போயிட்டான், அங்கியே கல்யாணம் காச்சி. கொழந்த பொறந்திருக்குதுன்னு வேற ஆளு சொல்லித்தான் தெரியும்." அவனுக்குக் காட்டத்தானே இந்தப் பதிவைக் கேட்டீர்கள் என்றாள் அவள். அவர் இல்லை என்று தலையசைத்தார், வேகமாக, இரண்டு தடவை. "அவனுக்கில்லீங்கம்மா. எனக்குத்தான். எனக்கே தெரியலீங்கம்மா, அதிந்துச்சா அதிரலியான்னு. மொத வருசம் தெரிஞ்சுது. சொல்லிச் சொல்லி, சொல்லிச் சொல்லி, இப்ப நான் சொன்னது ஞாபகம் இருக்குதா, நடந்தது ஞாபகம் இருக்குதான்னு புடிபடல. மெஷினுக்கு அந்தக் கொழப்பம் இருக்காதில்ல? அது சொன்னா கேட்டுக்கலாம்னு வந்தேன். அதிரலன்னு சொன்னாலும் கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

அவளுக்குப் பச்சைத் திரையில் அந்த அரிசி மணி எழுந்து நின்றது. நான் ஒரு முடிச்சைப் பார்த்த மாதிரி இருக்கிறது ஐயா என்று சொல்லிவிடலாம். நாக்கின் நுனி வரை வந்தது. இவர் சொல்லிச் சொல்லி உள்ளங்காலில் உண்டாக்கிக்கொண்டது ஒன்று, இவள் வேண்டி வேண்டி கண்ணில் உண்டாக்கிக்கொண்டது ஒன்று. இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஒரு அதிர்வு ஆகிவிடும், அந்த அதிர்வை இவர் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போவார். அது நிற்குமா? அடுத்த வருடமே இவர் உட்கார்ந்து யோசிப்பார், அந்த அம்மா நிஜமாகத்தான் பார்த்தாளா, என்மேல் பாவப்பட்டுச் சொன்னாளா என்று. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கையால் எழுதினாள்: இந்தத் தேதியில் 11.23க்குப் பிந்தைய பதிவு இந்தக் காப்பகத்தில் அழிக்கப்பட்டுவிட்டது. அழிப்பதற்கு முன் அது சரியாகப் பார்க்கப்பட்டதா என்பது உறுதியில்லை. ஆகவே அன்று 11.41க்கு நிலம் அதிர்ந்தது என்றோ அதிரவில்லை என்றோ இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது, அழித்தது நான். பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேற்படிக்குப் புள்ளி வைக்காத அதே கை. இதே தாளின் நகலை மத்தியானம் டைரக்டர் மேஜையில் வைத்தாக வேண்டும், அந்த நாற்பது நாட்களுக்கும் எதிரே 'சரிபார்க்கப்படவில்லை' என்று பட்டியலில் போட்டாக வேண்டும், கேள்வி வரும், விளக்கம் கேட்பார்கள், பென்ஷன் வரைக்கும் இழுத்தாலும் இழுப்பார்கள். வாசித்துக் காட்டினாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இதுல ஒண்ணும் தெரியலைன்னுதானே இருக்குது?" "ஆமாய்யா." "முனிரத்தினத்துக்கும் தெரியாதுன்னு ஆவுதில்ல?" "அவருக்கும் தெரியாது." "பாவம், அவன் கரெக்டா தெரியும்னு நெனச்சிக்கினு இருக்கான்" என்றார் மாதப்பன்.

கிளம்புவார் என்று பார்த்தாள். அவர் எழுந்துகொள்ளவில்லை. கம்ப்யூட்டர் திரையை அப்போதுதான் கவனித்தவர்போல, "இது என்னாம்மா?" என்றார். "அதுதான் அன்னிக்கு எழுதினது. இருக்கிற வரைக்கும்." "ஓடுமா?" "ஓட்டிக் காட்டலாம். நடந்த வேகத்துலயே ஓடும். ஆறு நிமிஷம்." நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். கோடு இடப்பக்கத்திலிருந்து மெல்ல நீண்டது. முதல் நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. "இப்ப அவ உள்ளாற களி கிண்டுறா" என்றார், தனக்குள் சொல்வதுபோல. கோடு திடுக்கிட்டுத் துள்ளியபோது அவர் உடம்பும் தூக்கிப்போட்டது. பதினோரு நொடி. "எவ்ளோ நேரம் ஆடுன மாதிரி இருந்துச்சு, இவ்ளோதானா." அவர் முகம் திரைக்கு மிகக் கிட்டத்தில் போய்விட்டது. "இப்ப வெளிய வந்துட்டா. மாவு கையோட வந்தா. நான் குளிச்சிக்கினு இருந்தவன் துண்டோட ஓடியாந்துட்டேன். ஊரே நிக்குது. என்னப் பாத்து சிரிக்கிறா. ஏய்யா, செத்தா துணியோட சாவக் கூடாதான்னு கேக்குறா. பொம்பளைங்க எல்லாம் சிரிக்கிறாங்க." சொல்லும்போது அவரும் சிரித்தார், பல்லெல்லாம் தெரிய. கோடு சின்னச் சின்னதாக நடுங்கியது, நடுக்கம் குறைந்தது, மயிரிழையாக நீண்டது. அப்படியே ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இருவரும் ஒன்றும் நடக்காத அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு அவர் முகத்திலிருந்து எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. "இதப் பாத்தா," என்றார், "இதப் பாத்தா யாரா இருந்தாலும் அடங்கிட்டுதுன்னுதானேம்மா சொல்லுவாங்க?"

"ஆமாய்யா," என்றாள் புஷ்பலீலா. "நானும் அப்படித்தான் எழுதினேன்."

கோடு பதினொன்று இருபத்துமூன்றுக்கு வந்து நின்றது. அதற்கு மேல் வெள்ளை. அவர் அந்த வெள்ளையையும் கொஞ்ச நேரம் பார்த்தார், அதற்குள்ளும் ஏதாவது நடக்கும் என்பதுபோல. பிறகு தோள்துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி ஓட்டுங்கம்மா. அவ வெளிய வர்றதுலருந்து போதும்" என்றார். அவள் முதலிலிருந்தே ஓட்டினாள்.